மாமாவின் சொம்புத் தண்ணீர்

மாமா வகுப்புக்குப் போகும்போது கையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று சாக்பீஸ் டப்பா, இன்னொன்று பித்தளைச் சொம்பு. நாலு வாக்கியம் பேசுவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், மறுபடி நாலு வாக்கியம். சொம்பை நிரப்பிக்கொண்டு வருவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே போட்டி போட்டு வாங்கும் வேலை. அந்தப் பிள்ளைகளுக்கு அது வாத்தியாரின் வழக்கம், அவ்வளவுதான். 1986ல் சென்னையில் ஏழு வாரம் தங்கி, கன்னத்திலும் கழுத்திலும் கரண்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியபோது மாமாவின் வாயில் எச்சில் என்பதே இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் வாழ்ந்தார். அத்தனை வருடமும் சொம்பும் கூடவே இருந்தது. இரவில் தலைமாட்டில் இருக்கும். பஸ்ஸில் மடியில் இருக்கும்.

அவருக்கு வந்தது தொண்டைப் புற்றுநோய் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். தொண்டை என்றால் நாமெல்லாம் குரல்வளையையும் உணவு இறங்கும் வழியையும் நினைப்போம். மாமாவுக்கு வந்த இடம் அதற்கும் மேலே, மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேல் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன அறை. நாசித்தொண்டை என்று பெயர். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது. மண்டையோட்டின் அடித்தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பக்கத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளங்கள், கண்ணையும் நாக்கையும் அசைக்கும் நரம்புகள். கத்தி போய்ச் சுத்தமாக எடுத்துவிட்டு வரக்கூடிய இடமே இல்லை. ஆனால் இந்தப் புற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. கதிர் பட்டால் கரையும். அதனால்தான் அன்றும் இன்றும் இதற்கு முதல் வைத்தியம் கதிர்வீச்சு.

உலகத்தின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத நோய் இது. தமிழ்நாட்டில் ஒரு பொது மருத்துவர் தன் தொழில் வாழ்க்கை முழுவதிலும் இதைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். அதனால் மாமாவின் காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், வலியே இல்லாமல் ஒரு கட்டி தோன்றியபோது எல்லோரும் டிபி என்றார்கள். நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் டிபி என்று நினைப்பதில் தப்பும் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஒரு காது அடைத்துக்கொண்டதை யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. நாசித்தொண்டையில் வளரும் கட்டி, மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயின் வாயை அடைத்தால் அந்தப் பக்கத்துக் காது அடைக்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது மாதம் ஆனது. மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அண்ணத்துக்குப் பின்னால் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஒரு துணுக்கு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த காகிதத்தில் லிம்போஎபிதீலியோமா என்று டைப் அடித்திருந்தது. அந்தச் சொல்லை நான் பல நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

சென்னைக்கு மாமாவோடு துணைக்குப் போனவன் நான்தான். முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். எச்சில் வற்றினால் பல் சொத்தையாகும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும். ஆகவே முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். நாற்பத்தொரு வயதில் மாமா ஒரே வாரத்தில் பொக்கை வாயானார். அவர் கண்ணீர் விட்டதை நான் பார்த்தது அந்த வாரம் மட்டும்தான்.

அடுத்து முகத்தில் கோடு போட்டார்கள். கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையில் ஒரு பெட்டி. குளிக்கும்போது அது அழியக்கூடாது, சட்டைக் காலர் உரசக்கூடாது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் எலும்புகளை அடையாளமாக வைத்து, அவற்றுக்கு நடுவில் கட்டி எங்கே இருக்கும் என்று மருத்துவர் கணித்துப் போட்ட பெட்டி அது. கட்டியை நேரில் காட்டும் ஸ்கேன் அவருக்கு எடுக்கப்படவில்லை. அன்று அது எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதாகவும் இல்லை. கணிப்பில் தவறு வரக்கூடாது என்பதால் பெட்டியைத் தாராளமாகவே போடுவார்கள். அந்தத் தாராளத்தின் விலையைத்தான் மாமா பிறகு சொம்பு சொம்பாகக் கட்டினார்.

அறைக்குள் கோபால்ட் இயந்திரம். தலைக்கு இரு பக்கமும் மணல் பை, நெற்றியில் பிளாஸ்திரி. ஒரு தட்டில் ஈயக்கட்டிகளை வைத்துக் கண்ணையும் மூளையையும் மறைப்பார்கள். தடிமனான கதவு மூடும். இடப்பக்கம் கொஞ்ச நேரம், இயந்திரத்தின் தலை சுற்றி வந்து வலப்பக்கம் கொஞ்ச நேரம். ஒரு வலியும் இருக்காது. வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 6,500 ராட். இன்றைய அளவையில் 65 கிரே.

கரண்ட் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். கதிர்வீச்சு என்று யாரும் சொல்லவில்லை. “உங்களுக்கு எத்தனை கரண்ட் ஆச்சு?” என்றுதான் வராண்டாவில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். பிறகு படித்தபோதுதான் புரிந்தது, அந்த இயந்திரத்தின் கதிருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று. அணு உலையில் தயாரான கோபால்ட் 60 துண்டு ஒன்று கனத்த உலோகக் கூட்டுக்குள் இருக்கும். அது பகலும் இரவும் தானாகவே கதிரை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வைத்தியம் என்பது அந்தத் துண்டைத் திறப்புக்கு நேராகக் கொண்டுவந்து, நேரம் முடிந்ததும் மறுபடி உள்ளே தள்ளுவதுதான். துண்டுக்கும் வயதாகும். ஐந்தே கால் வருடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். முன்பு ஒரு நிமிடத்தில் கொடுத்த அதே அளவைக் கொடுக்க இரண்டு நிமிடம் வேண்டியிருக்கும். இது தெரியாமல், மறுமுறை வந்த நோயாளிகள் “போன தடவையைவிட நேரம் அதிகமா வைக்கிறாங்களே, நோய் முத்திடுச்சோ” என்று பயப்படுவார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் அந்தப் பயத்தில் ஒரு வாரம் தூங்கவில்லை.

அந்த இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1951ல் கனடாவில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது கோபால்ட் சிகிச்சை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோபால்ட் வந்துவிட்டது. அதற்கு முன்பிருந்த எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தன் உச்ச அளவைத் தோலிலேயே இறக்கிவிடும். ஆழத்தில் உள்ள கட்டியை எட்டுவதற்குள் கன்னம் வெந்துபோகும். தோலைத் தாண்டி உள்ளே வேலை செய்யும் கதிரை ஏழைகளுக்கும் கொண்டுவந்து சேர்த்தது கோபால்ட்தான். மாமாவின் உயிர் அதன் கொடை.

ஆனால் அது எதையும் பிரித்துப் பார்க்காது. பொன்னுக்கு வீங்கி வந்தால் காதோரம் வீங்குமே, அந்த இடத்தில்தான் சாப்பிடும்போது ஊறும் எச்சிலில் பெரும்பங்கைத் தரும் சுரப்பி இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்றாக. இடமிருந்தும் வலமிருந்தும் கதிரை விட்டால் அது முதலில் துளைப்பது அந்த இரண்டையும்தான். சராசரியாக 26 கிரேவுக்குள் நிறுத்தினால் அந்தச் சுரப்பி பிழைக்கும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் 1999ல் எழுதினார்கள். மாமாவின் சுரப்பிகள் வாங்கியது ஏறக்குறைய கட்டி வாங்கிய அதே அளவு.

ஊருக்கு வந்தபின் அவர் முறுக்கைத் தொட்டதில்லை. இட்லி சாம்பாரில் மிதக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். வாய் இறுகாமல் இருக்க ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லில்லா ஈறுகளுக்கு இடையில் அடுக்கிப் பயிற்சி செய்வார். கழுத்து வருடா வருடம் மரக்கட்டையாக இறுகியது. பதினைந்து வருடம் கழித்து, புற்றுநோய் எப்போதோ போன பிறகு, நாக்கின் ஒரு பாதி சூம்பத் தொடங்கியது. அதுவும் பழைய கதிரின் வேலைதான், நரம்பில் மெதுவாக ஏறியது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து வந்ததும் மாமாவின் தட்டைத் தனியாக வைத்தார்கள். உடம்பில் கரண்ட் இருக்கும், கைக்குழந்தையைத் தூக்காதே என்று பாட்டி சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை என்று சொல்ல அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கதிரை இப்படி வாரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கும் யோசனை எங்கிருந்து வந்தது? அது பாரிஸிலிருந்து வந்தது. 1920களில் அங்கே ரேடியம் நிறுவனத்தில் கிளாட் ரெகோ என்ற விஞ்ஞானி ஆட்டுக்கிடாய்களின் விதைப்பைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். ஒரே மூச்சாகக் கொடுத்தால் தோல் வெந்தது, கிடாய் மலடாகவில்லை. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் கிடாய் மலடானது, தோல் தப்பித்தது. வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லவும் பக்கத்துத் திசுவைக் காக்கவும் பிரித்துக் கொடுப்பதே வழி என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்கள். அவருடைய சகா ஆன்றி கூத்தார் அதை மனிதர்களின் தொண்டைப் புற்றுக்குச் செய்து பார்த்து, கத்தியில்லாமல் குணமானவர்களை 1922ல் மருத்துவ மாநாட்டில் அறிவித்தார். மாமாவின் பரிசோதனைக் காகிதத்தில் இருந்த அந்த லிம்போஎபிதீலியோமா உண்டே, அதை 1921ல் தனி வகையாக விவரித்தவர்களில் ஒருவரும் இதே ரெகோதான். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இயந்திரம் எத்தனையோ முறை மாறிவிட்டது. தினம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது என்ற அந்த அடிப்படை மட்டும் நூறு வருடமாகப் பெரிதாக மாறவில்லை.

அரிய நோய் என்றேன். ஆனால் உலகத்தில் ஒரு மூலையில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். தென் சீனாவின் குவாங்டாங், ஹாங்காங் பகுதிகளில் உள்ள காண்டன் மக்களிடையே இது அதிகம். நம் வைத்தியமும் அங்கேதான் கூர்தீட்டப்பட்டது. ஹாங்காங் கதிரியல் மருத்துவர் ஜான் ஹோ இந்த நோயின் நிலைகளை வகுத்ததோடு, பால்குடி மறக்கும் குழந்தைக்கு ஊட்டும் உப்பு மீனைச் சந்தேகித்தார். சந்தேகம் பின்னால் உறுதியானது. நம் வாசகர்கள் உடனே கருவாட்டை நினைப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுக்குக் காரணம் என்று உறுதியாகப் பட்டியலிட்டிருப்பது சீன முறையில் உப்பிட்ட மீனை மட்டுமே. மற்ற உப்பு மீன்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸும் இந்தப் புற்றோடு ஒட்டியே இருக்கிறது. நமக்குள் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிப் படுத்துக்கிடக்கும் வைரஸ் அது. இந்தியாவில் நாகாலாந்து போன்ற வடகிழக்கு மலைப் பகுதிகளில் இந்த நோய் அதிகம்.

இப்போது 2021க்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் மகன், பத்தொன்பது வயது, பொறியியல் கல்லூரி மாணவன். வலது காது அடைத்தது. இயர்போன் மாட்டிக்கொண்டே தூங்குகிறாயே என்று அம்மா திட்டினாள். சொட்டு மருந்து போட்டார்கள், சளி மாத்திரை கொடுத்தார்கள். காலையில் காறித் துப்பும்போது ரத்தக் கீற்று தெரிந்ததைச் சைனஸ் என்றார்கள். இந்தியா போன்ற நாடுகளில் இந்த நோய் நடுவயதினருக்கு வருவது போலவே பதின்வயதை ஒட்டியவர்களுக்கும் வருவதுண்டு. அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்துக் கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் ஒரு மருத்துவர் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தார். நண்பர் எனக்குப் போன் செய்து, “அண்ணே, உங்க மாமாவுக்கு வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது என்ன?” என்றார். நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பையனோடு நான் மூன்று நாள் போனேன். முகத்தில் ஊதா மை இல்லை. வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் வைத்து அழுத்தினார்கள். சில நிமிடத்தில் அது அவன் மூக்கு, கன்னம், தாடை அச்சாக இறுகியது. தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டுகிறார்கள், தலை அசையாது. மூச்சு முட்டும் என்ற பயம் முதல் இரண்டு நாள் இருந்தது. பல்லை எல்லாம் பிடுங்கவில்லை. கெட்டுப்போன ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றுக்குப் புளோரைடு கொடுத்தார்கள்.

முதல் கரண்ட் வைப்பதற்குப் பத்து நாள் காத்திருக்கவேண்டி வந்தது. நண்பருக்குக் கோபம், நோய் வளர்ந்துவிடாதா என்று. அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று ஒரு இயற்பியலாளர் எங்களுக்குத் திரையில் காட்டினார். சிடி, எம்ஆர்ஐ படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மருத்துவர் ஒவ்வொரு துண்டிலும் கட்டியின் எல்லையைச் சிவப்பில் வரைந்திருந்தார். பச்சையில் எச்சில் சுரப்பிகள், மஞ்சளில் மூளைத்தண்டு, இன்னும் கண் நரம்பு, உட்காது, விழுங்கும் தசைகள். கட்டிக்கு 70 கிரே போகவேண்டும், மூளைத்தண்டில் 54ஐத் தாண்டக்கூடாது, சுரப்பியில் 26க்குள் முடிந்தவரை நிற்கவேண்டும் என்று கணினிக்குக் கட்டளை கொடுக்கிறார்கள். பல கோணங்களிலிருந்து வரும் கதிரைப் பல துணுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வீரியத்தையும் கணினி தனித்தனியே கணக்கிடுகிறது. இயந்திரத்தின் வாயில் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் சீப்புப் பற்கள் போல எதிரெதிராக அடுக்கியிருக்கின்றன. பல இயந்திரங்களில் அறுபது ஜோடி. கதிர் பாயும்போதே அவை உள்ளும் வெளியும் நகர்ந்து, கட்டியின் வளைவுக்கு ஏற்றபடி கதிரைச் செதுக்குகின்றன. ஐஎம்ஆர்டி என்பது இதுதான். அன்று பெட்டியாக இருந்தது இன்று உடலின் வளைவுக்கேற்ற வடிவமாகிவிட்டது.

இந்த இயந்திரத்தின் பெயர் லீனியர் ஆக்சிலரேட்டர். இதற்குள் கோபால்ட் துண்டு கிடையாது. எலக்ட்ரான்களை மின்சக்தியால் முடுக்கி உலோகத்தில் மோதவிட்டுக் கதிரை உண்டாக்குகிறது. மின்சாரம் போனால் கதிரும் இல்லை. மாமா காலத்தில் தவறாக இருந்த அந்தக் கரண்ட் என்ற சொல், நோயாளிகள் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் உண்மையாகிவிட்டது.

கதிர் தனியாகவும் வருவதில்லை. 1998ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு இந்த நோயின் வைத்தியத்தையே திருப்பிப்போட்டது. கதிர் மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 47 சதவீதம். சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 78. அதனால் பையனுக்கு வாரம் ஒருநாள் டிரிப்பில் மருந்தும் ஏறியது.

இன்றைய சிகிச்சை லேசானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாலாவது வாரம் அவன் வாய் முழுக்கப் புண். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளித்தான், மாமா கொப்பளித்த அதே தண்ணீர். பதினொரு கிலோ இளைத்தான். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். கதிர் வைத்த 33 நாளும் விடுபடாமல் போனான். எச்சில் முழுதாகத் தப்பியது என்றும் சொல்லமாட்டேன். ஹாங்காங்கில் இந்த நோயாளிகள் 60 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு மருத்துவர்கள் பார்த்ததில் கடுமையான வறட்சி பழைய முறையில் 82 சதவீதம் பேருக்கும் ஐஎம்ஆர்டியில் 39 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால் நோயாளிகளையே கேட்டபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. காதோரச் சுரப்பியைக் காப்பாற்றினாலும் தாடைக்கடியில் இருப்பவையும் வாய்க்குள் பரவிக்கிடக்கும் சிறு சுரப்பிகளும் அடிவாங்குகின்றன. ஒரு மனிதன் சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைப்பவை பெரும்பாலும் அவைதான். எனக்கு இந்த ஆய்வின் மேல் மரியாதை அதிகம், நல்ல சேதியோடு நிறுத்திக்கொள்ளாமல் நோயாளியின் வாயையும் கேட்டதற்காக.

2019ல் சென்னைத் தரமணியில் புரோட்டான் சிகிச்சையும் வந்துவிட்டது. கட்டியைத் தாண்டியதும் நின்றுவிடும் கதிர். வரவேற்கிறேன். ஆனால் என் மாமாவைப் போன்ற ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இன்றும் பெரிய பிரச்சினை ஏழு வாரம் சென்னையிலோ மதுரையிலோ எங்கே தங்குவது என்பதுதான். சிகிச்சைச் செலவுக்கு அரசுக் காப்பீடு கைகொடுக்கிறது. கூடவரும் மனைவியின் கூலி போவதற்கும் அறை வாடகைக்கும் யார் கைகொடுப்பார்கள்?

மாறாத இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை உறங்கவிடாதது. கதிர் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கண்டுபிடிப்பது ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குத்தான் வந்திருக்கிறது. ஹாங்காங்கில் இருபதாயிரம் ஆண்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடி, நோயைத் தொடக்கத்திலேயே பிடித்தார்கள். 2017ல் வந்த முடிவு அது. நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 71 சதவீதம் பேர் முதல் இரு நிலைகளில் இருந்தார்கள், முன்பெல்லாம் அது 20 சதவீதம். நோய் இவ்வளவு அரிதான நம் ஊரில் எல்லோருக்கும் அந்தச் சோதனையைச் செய்வது பொருந்தாது. ஆனால் வளர்ந்த ஒருவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் மூக்குக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப்பார்ப்பதற்கு ஹாங்காங் தேவையில்லை.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு பரிசோதனைக்குப் பையனோடு நானும் போனேன். வழியில் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கினான். தண்ணீர் பாட்டில் பையில் இருந்தது, நாலைந்து கடிக்கு ஒருமுறை எடுத்தான். மருத்துவர் மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டார். திரையில் இளஞ்சிவப்பாக, சுத்தமாக, அந்தச் சின்ன அறை தெரிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்: “சார், காது அடைச்சப்பவே இதப் பண்ணியிருக்கலாமா?”

அவர் கருவியைத் தட்டில் வைத்தார். “பண்ணியிருக்கலாம் தம்பி,” என்றார்.